சுங்கை சிப்புட்டில் காமிக்ஸ் கடை: போடலாமா, வேண்டாமா?

செம்மண்சாலை
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் அப்பா விட்டுப்போன கடை ஒன்று இருக்கிறது. சொந்தக் கடை, வாடகை கிடையாது. முன்பக்கம் அம்மா பூ கட்டி விற்கிறார், பின்பக்கம் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. நான் ஈப்போவில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தப் பின்பக்கத்தில் ஒரு காமிக்ஸ் கடை போடலாம் என்று ரொம்ப நாளாக யோசனை. அமெரிக்க மாத இதழ்கள், ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் மங்கா (ஜப்பானியப் படக்கதை), அப்புறம் நம்ம தமிழ் காமிக்ஸ் லயன், முத்து எல்லாம். கடை நடத்தினவர்கள், நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். வாங்கிப் படிக்கிறவர்களும் சொல்லலாம். மனசுக்குப் பிடித்ததைச் செய் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது என் மாமாவிடமே தேவைக்கு மேல் கிடைக்கிறது.

பாதிமங்கா
பாஸ், ஒரே கேள்வி, யார் வாங்குவது? எனக்கு 19 வயது, நிறையப் படிக்கிறேன், எல்லாம் கைப்பேசியில்தான். ஜப்பானில் வரும் அன்றைக்கே ஆங்கிலத்தில் படிக்கலாம், சட்டப்படி, பாதி இலவசம். புத்தகம் வேண்டும் என்றால் ஷாப்பி இணையக் கடையில் தள்ளுபடி நாளுக்குக் காத்திருந்து வாங்குவேன். உங்கள் கடைக்கு நான் எதற்கு வர வேண்டும்?

செம்மண்சாலை
@பாதிமங்கா அதைத்தான் தம்பி நானும் கேட்கிறேன்.

கிள்ளான்கடை
தம்பி, கிள்ளானில் காமிக்ஸ் கடை வைத்திருந்தவன் நான். மூடியாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

எல்லாரும் கைப்பேசியையும் ஷாப்பியையும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் கடையைக் கொல்வது முதலில் அதில்லை. அமெரிக்க இதழ்கள் கடைக்கு வரும் முறையில்தான் கோளாறு. 1970களின் தொடக்கம்வரை அங்கேயும் பத்திரிகைக் கடை மாதிரிதான் நடந்தது, விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். அப்புறம் பில் சூலிங் என்று ஒருவர் பதிப்பகங்களிடம் போய், கூடுதல் தள்ளுபடி கொடுங்கள், விற்காததைத் திருப்ப மாட்டோம் என்று பேசி முடித்தார். காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் வளர்ந்தது அந்த ஏற்பாட்டால்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து விற்காத சரக்கின் முழுச் சுமையும் கடைக்காரன் தலையில். அதுவும் எப்படி, இதழ் வெளிவருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பாகவே எத்தனை பிரதி என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். படம் எப்படி இருக்கும், கதை எப்படிப் போகும், யாருக்கும் தெரியாது. பட்டியலில் நாலு வரி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக் காசு கட்ட வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் இதழ் அட்டை விலை 4.99 டாலர். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள் (சிறிய கடைக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது, இருந்தாலும் வையுங்கள்). டாலர் நாலரை வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். பத்துப் பிரதி எடுத்தால் 112 வெள்ளி, இங்கே வந்துசேரும் கூலி தனி. அட்டை விலைக்கே விற்றால் ஒன்று 22 வெள்ளி சொச்சம். ஐந்து விற்றால் போட்ட காசு வரும். ஆறாவது கூலிக்குப் போகும். ஏழாவது, எட்டாவது விற்றால்தான் மின்சாரக் கட்டணம். மிச்சம் இரண்டு, மூன்று பெட்டிக்குள் போய்விடும். அடுத்த மாதம் அடுத்த இதழ் வந்துவிடும், பழையதை யாரும் கேட்க மாட்டார்கள். இது ஒரு தலைப்புக்கு. கடை என்று திறந்தால் ஐம்பது தலைப்பாவது வேண்டும். நான் மூடியபோது வீட்டு அறை ஒன்று பெட்டிகளால் நிறைந்திருந்தது, இப்போதும் அப்படியே இருக்கிறது, வீட்டுக்காரம்மா அந்தக் கதவைத் திறப்பதில்லை.

சிவகாசிபார்சல்
அண்ணே, அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தனிமடலில் சொல்லுங்கள் :)

கிள்ளான்கடை
@சிவகாசிபார்சல் எடைக்கு வேண்டுமா, எண்ணிக்கைக்கு வேண்டுமா?

இன்னொன்று விட்டுப்போய்விட்டது. ஒரே விநியோகஸ்தரை நம்பி இருப்பது. 1990களின் நடுவில் மார்வெல் பதிப்பகம் தானே விநியோகம் செய்கிறேன் என்று ஒரு நிறுவனத்தை வாங்கியது, போட்டியில் மற்ற விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள், கடைசியில் டைமண்ட் ஒன்றுதான் நின்றது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அமெரிக்க இதழ் என்றால் டைமண்ட்தான். கோவிட் வந்து 2020 ஏப்ரலில் அவர்கள் அனுப்புவதை நிறுத்தியதும் கடைகளுக்குப் புது இதழே இல்லை. இன்னொரு பெரிய பதிப்பகமான டிசி அதே வருஷம் விலகிப் போனது, 2021இல் மார்வெல் பெங்குவின் ரேண்டம் ஹவுஸுக்கு மாறியது, 2025 ஜனவரியில் டைமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய்விட்டது. அதைவிடக் கொடுமை, சின்னப் பதிப்பகங்கள் விற்றுத் தரச்சொல்லி அங்கே ஒப்படைத்திருந்த சரக்கையும் விற்றுக் கடனை அடைக்கலாமா என்று வழக்கு. ஆக இப்போது கடைக்காரன் நாலு இடத்தில் கணக்குத் திறந்து, நாலு இடத்தில் குறைந்தபட்ச ஆர்டர் காட்டி, நாலு பார்சல் கூலி கட்ட வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து இதைச் செய்யப் போகிறீர்களா?

செம்மண்சாலை
அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் அமெரிக்க இதழை விட்டுவிடவா?

கிள்ளான்கடை
மாத இதழை விட்டுவிடுங்கள். யாராவது முன்பணம் கொடுத்துக் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். தொகுப்பு நூல்கள் வேறு கதை, அவற்றைப் புத்தக விநியோகஸ்தர்களிடம் வாங்கலாம், முதுகில் பெயர் இருக்கும், அலமாரியில் ஒரு வருஷம் நின்றாலும் பழசாகாது.

ஆயாகொட்டகை
நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பேராக்கில்தான், எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்பதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் வகுப்பில் எக்ஸ்-வென்ச்சர் புத்தகம் ஒன்று வந்தால் முனை மழுங்கும்வரை கைமாறும். டைனோசர், ரோபோ, காட்டு விலங்கு, எல்லாம் மலாயில். கடாகாவா கெம்பாக் ஸ்டார்ஸ் பதிப்பகம் போடுவது. பிள்ளைகள் மலாய்க் கட்டுரையில் எழுதும் நல்ல வாக்கியங்கள் சில அங்கிருந்து வந்தவை, எனக்கே தெரியும். தமிழில் அந்த வயதுக்கு, அந்த வண்ணத்தில், அந்த விலையில் என் வகுப்பறை மூலையில் ஒன்றுகூட இல்லை. நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்குப் புத்தகம் தேடி, ஏற்கெனவே படித்த நீதிக்கதையையே திரும்ப எழுதுகிறார்கள்.

தம்பி, நீங்கள் கடை போட்டால் முதல் அலமாரி பத்து வயதுக்காரர்களுக்கு இருக்கட்டும். பெரியவர்களின் சூப்பர்ஹீரோ பின்னால் போகட்டும்.

பாதிமங்கா
டீச்சர் சொல்வது சரிதான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கெம்பாக் பத்திரிகை அண்ணன் வாங்குவான், நான் திருடிப் படிப்பேன்.

லயத்துஏஜண்டு
பிள்ளைகளா, நான் பழைய ஆள், தட்டச்சு மெதுவாகத்தான் வரும். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சைக்கிளில் போய்ப் பேப்பரும் பத்திரிகையும் போட்டவன். அப்புறம் மோட்டார். கிராணி வீட்டுக்கு ஒரு பேப்பர், தண்டல் வீட்டுக்கு ஒன்று, மற்றவர்கள் வாரப் பத்திரிகை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நுழைந்தால் பிள்ளைகள் மோட்டாருக்குப் பின்னால் ஓடி வரும், எல்லாம் அம்புலிமாமாவுக்கும் ராணி காமிக்ஸுக்கும்தான். முகமூடி மாயாவி வந்தாச்சா என்று கேட்பார்கள். இரும்புக்கை மாயாவி வேறு ஆள், அது முத்து, இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

கிள்ளான் தம்பி சொன்ன திருப்பிக் கொடுக்க முடியாத கதை எனக்குப் புதிதில்லை. உள்ளூர்ப் பேப்பர் விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைக்கு அது கிடையாது, மொத்த வியாபாரியிடம் கட்டாக வாங்கினால் வாங்கியதுதான். நான் என்ன செய்தேன் என்றால் விற்காததை வாடகைக்கு விட்டேன். பத்துக் காசு, ஒரு வாரம். காசு இல்லாத பிள்ளை இரண்டு பழைய புத்தகம் கொடுத்து ஒன்று எடுத்துப் போகும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், புதுசு விற்றதைவிட அந்தப் பழைய பெட்டியில்தான் எனக்கு லாபம் நின்றது. பட்டணத்தில் சீனர்கள் வைத்திருந்த வாடகைப் புத்தகக் கடைகளும் அப்படித்தான் ஓடின, ஒரு புத்தகம் கிழியும்வரை சம்பாதித்துக் கொடுக்கும்.

இப்போது லயம் எங்கே இருக்கிறது? பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், நம்ம ஆட்கள் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டார்கள், தோட்டத்து வேலைக்கு வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகள். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. தமிழ் நேசன் பேப்பரே 2019இல் மூடிவிட்டான், 1924இலிருந்து வந்த பேப்பர். கடை போடுகிறவர் யாரை எதிர்பார்க்கிறார் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக் கூட்டம் இனி வராது. வருகிறவர்கள் தாமான் பிள்ளைகள், காரில், அம்மா அப்பாவோடு.

செம்மண்சாலை
ஐயா, எங்கள் அப்பாவும் உங்களிடம் பேப்பர் வாங்கியிருக்கலாம். அந்த வாடகை யோசனை என் தலையிலேயே இல்லை.

சிவகாசிபார்சல்
லயன், முத்து பற்றி நான் சொல்ல வேண்டும், சந்தா கட்டி வாங்குகிறவன் என்ற முறையில். முத்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது, லயன் 1984இல். இடையில் எத்தனையோ காமிக்ஸ் வந்து போய்விட்டன, இவர்கள் மட்டும் சிவகாசியிலிருந்து இன்னும் போடுகிறார்கள். எப்படி? 2012இல் பழைய சாணித் தாளை விட்டுவிட்டுப் பெரிய அளவில், வண்ணத்தில், 100 ரூபாய் விலையில் திரும்ப வந்தார்கள். அப்போது நிறையப் பேர் விலையைப் பார்த்துக் கத்தினார்கள். ஆனால் அதோடு பெட்டிக்கடைகளை நம்பும் வியாபாரம் போய், சந்தாவும் புத்தகக் கண்காட்சியும் முக்கியமாகிவிட்டன. வாசகன் வருஷ ஆரம்பத்தில் காசு கட்டிவிடுகிறான், எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டு அச்சடிக்கிறார்கள். கிள்ளான் அண்ணன் சொன்ன கணக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் இது.

நமக்குப் பிரச்சினை தபால் கூலி. இந்தியாவிலிருந்து ஒரு பார்சல் வரவழைத்தால் புத்தக விலைக்குக் கிட்டத்தட்ட கூலியும் வந்துவிடுகிறது. டெக்ஸ் வில்லர் கௌபாய்க் கதை ஒன்று வாங்க இரண்டு டெக்ஸ் வில்லர் காசு! பத்துப் பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் தலைக்கு வெகுவாகக் குறையும். அந்தப் பெட்டி வந்து இறங்கும் இடமாக ஒரு கடை இருந்தால், நான் தைப்பிங்கிலிருந்து மாதம் ஒருமுறை வந்து எடுத்துக்கொள்வேன். முன்பணம் கொடுக்கிறேன். உங்களுக்குக் கமிஷனும் கொடுக்கிறேன்.

பாதிமங்கா
தமிழில் டெக்ஸ் வில்லர் யார் படிக்கிறார்கள்? தெரியாமல்தான் கேட்கிறேன்.

சிவகாசிபார்சல்
தம்பி, நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர்கள்தான் சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஆயாகொட்டகை
அதுதான் எனக்குக் கவலை. தமிழ் காமிக்ஸ் என்றாலே அப்பாக்களின் ஞாபகத்துக்கு என்று ஆகிவிட்டது. துப்பாக்கி, குதிரை, உளவாளி. என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது? அமெரிக்காவிலேயே பாருங்கள், கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பிள்ளைகளுக்கான படக்கதை நூல்களும் மங்காவும்தான் வளர்ந்தன. அவை அதிகம் விற்றது சாதாரணப் புத்தகக் கடையிலும் பள்ளிப் புத்தகச் சந்தையிலும், காமிக்ஸ் கடையில் இல்லை. சூப்பர்ஹீரோ ரசிகர்களுக்காகவே நடந்த கடைகள் பத்து வயதுப் பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தன என்றுதான் நான் சொல்வேன்.

கிள்ளான்கடை
டீச்சர், கொஞ்சம் நியாயமாகப் பேசுங்கள். என் கடையில் பிள்ளைகளை நான் விரட்டியதில்லை. மணிக்கணக்கில் நின்றே படிப்பார்கள், கையில் தின்பண்டப் பொடி, அட்டையெல்லாம் எண்ணெய். ஒரு பிரதி கசங்கினால் சேகரிப்பாளன் தொட மாட்டான். எனக்கு வேறு வழி இல்லை, உறையில் போட்டு ஒட்டிவைத்தேன்.

ஆயாகொட்டகை
உறையில் போட்டு ஒட்டிவைத்தால் பிள்ளை எப்படிப் படிக்கும், எப்படி வாங்கும்?

லயத்துஏஜண்டு
இரண்டு பேரும் சொல்வது சரி. படிக்க ஒரு பெட்டி, விற்க ஒரு பெட்டி. கிழிந்த பிரதியை மேசையில் போடுங்கள், புதுசை அலமாரியில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை77
தொழில் ரீதியாகச் சில விஷயங்கள். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு தனிநபர் வியாபாரத்துக்கு வருஷம் 60 வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் 30. அது சுலபம். கடை உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் நகராண்மைக் கழகத்தில், உங்கள் ஊர் கோலகங்சாரின் கீழ் வருகிறது. பலகையில் மலாய் பெரிதாக இருக்க வேண்டும், டேவான் பஹாசா என்ற அரசு மொழி நிறுவனத்தின் சரிபார்ப்பு கேட்பார்கள், முதலில் அதை முடித்துவிட்டுப் பலகை அடியுங்கள். அம்மாவின் பூக்கடைப் பலகை பக்கத்தில் இன்னொன்று மாட்டலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளிவரை இருக்கிறது, அதில் புத்தகமும் சேரும். பெயர், தேதி போட்ட ரசீது கொடுங்கள். சம்பளக்காரர்கள் டிசம்பரில் அதற்காகவே வந்து வாங்குவார்கள். நிறையச் சின்னக் கடைக்காரர்கள் ரசீது என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

கடைசியாக, வெளிநாட்டு நூல் கொண்டுவந்தால் 1984ஆம் ஆண்டு அச்சு, வெளியீட்டுச் சட்டம் ஞாபகம் இருக்கட்டும். 2014இல் மலாய் அல்ட்ராமேன் படக்கதை ஒன்றையே உள்துறை அமைச்சு தடை செய்தது, ஒரு பாத்திரத்தை வர்ணிக்க அல்லா என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள் என்று. பிள்ளைகள் புத்தகம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பெரியவர்களுக்கான மங்காவை ஒரு முறை புரட்டிப் பார்க்காமல் அலமாரியில் வைக்காதீர்கள், முக்கியமாக அம்மா கல்லாவில் இருக்கும்போது.

பாதிமங்கா
ஹாஹா, கடைசி வரி.

பாஸ், நான் முதலில் எழுதியதற்கு ஒரு சேர்ப்பு. நான் புத்தகக் கடைக்குப் போவதில்லை, ஆனால் ஈப்போவில் கார்டு விளையாடும் கடைக்கு வாரம் தவறாமல் போகிறேன். போக்கிமோன் கார்டு. அங்கே மேசை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, கூட்டாளிகள் வருகிறார்கள். கடைக்காரர் மேசைக்குக் காசு வாங்குவதில்லை, நாங்கள் கார்டு பாக்கெட்டும் மைலோவும் வாங்குவோம். கைப்பேசியில் அது கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டில் அப்படி உட்கார ஓர் இடம் சொல்லுங்கள் பார்ப்போம். மாமாக் சாப்பாட்டுக் கடையைத் தவிர.

கிள்ளான்கடை
கார்டில் லாபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இங்கே மட்டுமில்லை, வெளிநாட்டிலும் நிறையக் காமிக்ஸ் கடைகள் கார்டாலும் பொம்மையாலும்தான் மூச்சு விடுகின்றன. ஆனால் ஜாக்கிரதை, கார்டு விலை ஏறும் இறங்கும், கூட்டம் ஒரு வருஷம் வரும், அடுத்த வருஷம் வேறு விளையாட்டுக்குப் போய்விடும். மூலதனத்தைக் கார்டில் முடக்காதீர்கள். சில கடைகள் ஒரு நாள் பார்த்தால் காமிக்ஸே இல்லாத கார்டுக் கடையாக மாறியிருக்கும்.

பாதிமங்கா
மாறினால் என்ன? கடை திறந்திருக்கும்லா.

கிள்ளான்கடை
திறந்திருக்கும். தம்பி கேட்டது காமிக்ஸ் கடை.

செம்மண்சாலை
எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், பூவுக்குத் தண்ணீர் தெளித்தால் புத்தகம் நனையாதா. நியாயமான கேள்வி, அதனால் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வருகிறது.

வேலையை விடப் போவதில்லை. வெள்ளி மாலை, சனி, ஞாயிறு மட்டும் திறப்பேன். வெள்ளிக்கிழமை பூ வாங்கக் கோயில் கூட்டம் எப்படியும் வரும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அமெரிக்க மாத இதழ் முன்பணம் இருந்தால் மட்டும். முதல் அலமாரி டீச்சர் சொன்னபடி மலாய்ப் படக்கதைகள், அதோடு கார்ட்டூனிஸ்ட் லாட் வரைந்த நூல்கள், கோப்பேங்கில் பிறந்த நம்ம பேராக்காரர், 1979இல் வந்த அவருடைய கம்பொங் (கிராமத்து) பையன் கதையை இன்றைக்கும் கேட்கிறார்கள். சிவகாசிப் பெட்டி மாதம் ஒன்று, பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும், உபரி எடுக்க மாட்டேன். ஐயா சொன்ன வாடகைப் பெட்டிக்குப் பழைய புத்தகம் வேண்டும். மேசை ஒன்று, நாற்காலி ஆறு. கார்டை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

@கிள்ளான்கடை அண்ணே, அந்த அறைக் கதவைத் திறக்க மனசு இருந்தால் லாரி கொண்டு வருகிறேன். வாடகைப் பெட்டிக்கு.

கிள்ளான்கடை
வீட்டுக்காரம்மா இப்போதே சரி என்கிறார். நான்தான் யோசிக்கிறேன். வெர்டிகோ (டிசியின் பெரியவர்களுக்கான வரிசை) தொகுப்புகளைக் கொடுக்க மாட்டேன், மற்றதைப் பேசலாம். அலமாரி செய்யும்போது தச்சரிடம் ஆழத்தைச் சரியாகச் சொல்லுங்கள், லயனின் பெரிய அளவு மங்கா தட்டில் நிற்காது.

லயத்துஏஜண்டு
என்னிடமும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. எலி கொஞ்சம் தின்றிருக்கிறது. வாடகை பத்துக் காசு வைக்காதே தம்பி, இப்போது ஒரு வெள்ளியாவது வேண்டும்.

சிவகாசிபார்சல்
ஐயா, அந்தத் தகரப் பெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள், நான் சனிக்கிழமை வருகிறேன்.

செம்மண்சாலை
@சிவகாசிபார்சல் வரிசையில் நில்லுங்கள் அண்ணே, ஐயா முதலில் எனக்குத்தான் சொன்னார்.